துவைக்காத துணி

பிராப்போரா,
6 ஏப்ரல் 1986

அன்புள்ள அனீசியோ அண்ணனுக்கு,

உன் ஆசியைக் கேட்டு எழுதுகிறேன். நீயும் ஒந்தினா அண்ணியும் சுகம்தானே? அண்ணியின் மூட்டுவலி இப்போது எப்படி? இங்கே நானும் மகள் லெனிராவும் நன்றாக இருக்கிறோம். ஈஸ்டரோடு அவளுக்குப் பதினொரு வயது முடிந்தது. என் இடக்கைச் சுண்டுவிரல் மட்டும் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தேனே, அதுதான். தைக்கும்போது துணி நழுவுகிறது, மற்றபடி குறை ஒன்றுமில்லை.

உன் மாப்பிள்ளை வால்டோமிரோ கார்னிவல் முடிந்த கையோடு வடக்கே தங்கக் குழிகளுக்குப் போனவர்தான், கடிதம் எதுவும் இல்லை. மழை இறங்கிக் குழிகளில் தண்ணீர் கட்டினால் எல்லாரும் ஊர் திரும்பிவிடுவார்களாம். அவரும் வருவார் என்று அவருடைய தம்பி சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு நாய் வேண்டும். மினாஸ் மாநிலம் முழுவதும் உன் பண்ணை வாசலில் நாய்க்குட்டிக்காகக் காத்து நிற்கிறது, கூடப் பிறந்தவள் நான் கேட்கக் கூடாதா? பெண்பிள்ளை இருக்கிற வீடு. அவளிடம் பூப்போல நடந்துகொள்ள வேண்டும். வீட்டைச் சேராத ஆள் ஒருவனும் வாசல் தாண்டக் கூடாது. மழைக்கு முன்னால் நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். எந்த ஜாதி நாய் எனக்குப் பொருந்தும் என்று யோசித்து எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
சூல்மிரா


பெத்ரா ப்ரான்கா பண்ணை, குர்வேலோ,
17 ஏப்ரல் 1986

என் தங்கை சூல்மிராவுக்கு,

கடவுள் உனக்கு நல்லதே செய்யட்டும். நாங்கள் சுகம். அண்ணியின் மூட்டு மழை வரும் நாளை வானொலிக்கு முன்பே சொல்கிறது, அதனால் வீட்டுக்கு லாபம்தான்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளைதான் நீங்க பாத்துக் குடுத்தீங்க, இப்ப நாயும் நீங்கதானா?" என்கிறாள். என் கை ராசியான கை என்று அவளுக்கு எப்போதும் பொறாமை.

சரி, கேள். உன் ஊர்ப் பெரிய வீடுகளில் இப்போது டாபர்மேன்தான் மோஸ்தராம். அது உனக்கு வேண்டாம். மெலிந்த பட்டாளத்துக்காரன் மாதிரி இருக்கும், ஆனால் உரத்துப் பேசினால் நடுங்கும். ஜெர்மன் ஷெப்பர்ட் புத்திசாலிதான், ஆற்றங்கரை வெயிலில் அந்தக் கம்பளியோடு நாள் முழுவதும் மூச்சிரைத்துக் கிடக்கும். வேலை கொடுக்காவிட்டால் நீ தைத்து வைத்த கல்யாண உடுப்பைக் கிழித்துப் பொழுதுபோக்கும். சின்ன ஜாதி எலிபிடி நாய் ஒன்று உண்டு, குரைத்துத் தெருவையே கூட்டும், ஓர் உதைக்குத் தாங்காது. தெருக்குட்டிக்கு நன்றி உண்டு. ஆனால் எலும்பு போட்டவனெல்லாம் அதற்கு உறவு.

உனக்கு ஏற்றது நம் ஃபிலாதான். பெரிய தலை, தொங்குகிற தாடை, எந்நேரமும் யாரோ செத்ததுபோல ஒரு கண். லெனிரா அதன் முதுகில் ஏறிக் காதைத் திருகினாலும் பேசாமல் இருக்கும். வெளியாளுக்கு அது எமன். விசுவாசத்துக்கு நம் பக்கத்தில் வேறு எதை உதாரணம் சொல்கிறார்கள்?

ஆனால் நான் எல்லாருக்கும் குட்டி கொடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். தங்கையானாலும் விசாரித்துத்தான் கொடுப்பேன். முற்றம் எவ்வளவு பெரியது? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சோளக் களியைத் தன் கையால் யார் ஊட்டுவார்கள்? வீட்டில் குடிக்கிற ஆள் உண்டா? சத்தம் போட்டுச் சண்டை நடக்குமா? கத்தலில் வளர்ந்த குட்டி உருப்படாது.

மாப்பிள்ளை வடக்கே போவதற்கு முன்னால் இங்கே வந்து தங்கினார், தெரியுமா? ஆற்றில் ஆசைதீர மீன் பிடித்தோம். தன் கட்டம்போட்ட சட்டையைத் தொழுவத்து ஆணியில் மறந்துவிட்டுப் போய்விட்டார். துவைத்து வை என்றால் அண்ணி, "அந்தாளு சட்டைய நான் தொட மாட்டேன்" என்கிறாள். பெண்களுக்கு எதற்குக் கோபம் வருகிறது என்று கடவுளுக்கே வெளிச்சம்.

உன் அண்ணன்,
அனீசியோ


பிராப்போரா,
4 மே 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் ஆசி வேண்டும். எங்களுக்கு உடம்பு சுகம். லெனிராவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போயிற்று.

உன் கேள்விகளை வாசித்து வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன். குடிப்பானா, கத்துவானா, பிள்ளையிடம் எப்படி இருப்பான்! ஒரு நாய்க்குட்டியைக் கொடுக்க இவ்வளவு விசாரிக்கிறாயே அண்ணா, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னைக் கொடுக்கும்போது இதில் ஒன்றையாவது கேட்டாயா? "தூண்டில் போடுறதுல மன்னன்டி அவன்" என்று மட்டும் வந்து சொன்னாய். கோபித்துக்கொள்ளாதே, விளையாட்டாகத்தான் எழுதுகிறேன்.

முற்றம் மாமரத்தடிவரை இருக்கிறது. பகல் முழுவதும் நான் தையல் மிஷினோடு வீட்டில்தான். களி நானும் லெனிராவும் ஊட்டுவோம். இப்போதைக்குக் குடிக்கிற ஆள் வீட்டில் இல்லை, கத்தலும் இல்லை.

நீயும் ஒன்று சொல்ல வேண்டும். குட்டியாக இருந்தபோது பார்க்காத ஆளை, வளர்ந்த பிறகு ஃபிலா ஏற்றுக்கொள்ளாது என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அது உண்மையா? அந்த ஆள் வீட்டுக்காரனாகவே இருந்தாலுமா? மறக்காமல் எழுது.

உன் தங்கை,
சூல்மிரா


பெத்ரா ப்ரான்கா,
15 மே 1986

தங்கைக்கு,

ஆண்டவர் உன்னையும் குழந்தையையும் காக்கட்டும். காய்ச்சலுக்குப் பிறகு லெனிராவுக்கு எலும்புச் சாறு கொடு.

பன்னிரண்டு வருஷத்துக் குத்தலை இப்போது குத்துகிறாய். உன் நாக்கு மாறவே இல்லை! வால்டோமிரோ கொஞ்சம் முன்கோபி, அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் யாரும் கரண்டியை விடக் கூடாது என்று அப்பா சொல்வார், நானும் அதைத்தான் சொல்வேன்.

நீ கேட்டது முழுக்க உண்மை. பக்கத்துப் பண்ணை ஜூக்காவின் மகன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தானே, அவன் இல்லாத காலத்தில் வளர்ந்த ஃபிலா அவனை வாசலிலேயே மறித்துவிட்டது. தாய் வந்து கட்டிப்பிடித்து அழுகிறாள், நாய் நடுவில் நின்று பல்லைக் காட்டுகிறது. பாவம், கல்யாணம் ஆகிப் போகும்வரை அவன் தானியக் கொட்டகையில்தான் படுத்தான்.

மாப்பிள்ளை திரும்பி வரும்போது அப்படி ஆகிவிடுமோ என்று நீ பயப்படுவது புரிகிறது. நல்ல மனைவிக்கு அந்தக் கவலை வரும். அதற்கு நம்மிடம் வழி இருக்கிறது. வீட்டார் ஒவ்வொருவரும் உடுத்திக் கழற்றிய துணி ஒன்றைத் துவைக்காமல் அனுப்பிவை. குட்டிகள் கண் திறந்துவிட்டன. தாய்மடியில் பால் குடிக்கும்போதே அந்தத் துணிகளை அடியில் விரித்துவிடுவேன். பாலோடு சேர்ந்து உள்ளே போன வாசனை சாகும்வரை மறக்காது. அந்த வாசனைக்காரன் எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் அது வீட்டாளாகத்தான் பார்க்கும். நம் அப்பா இப்படித்தான் செய்தார், நானும் செய்கிறேன், ஒருமுறையும் தப்பியதில்லை.

அண்ணன்,
அனீசியோ


பிராப்போரா,
28 மே 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆசி. எல்லாரும் நலம்.

பாலாடைக்கட்டி லாரி ஓட்டுகிற தியானிடம் பொட்டலம் கொடுத்திருக்கிறேன். என்னுடைய ரவிக்கை ஒன்று, லெனிராவின் பள்ளிக்கூடச் சட்டை ஒன்று. சொன்னபடி துவைக்கவில்லை. லெனிரா வெட்கப்பட்டாள், "மாமா மூக்கப் பொத்திக்குவாரும்மா" என்று.

வால்டோமிரோவின் துணி எதுவும் அனுப்பவில்லை. எல்லாவற்றையும் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவருடையது வேண்டாம், அண்ணா. அவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எங்கள் இரண்டு பேர் வாசனை மட்டும் போதும்.

தங்கை,
சூல்மிரா


பெத்ரா ப்ரான்கா,
24 ஜூன் 1986, புனித யோவான் திருநாள்

தங்கைக்கு,

திருநாள் ஆசி உனக்கும் என் மருமகளுக்கும். இங்கே தீ மூட்டி, சோளம் சுட்டு, அண்ணி மூட்டுவலியை மறந்து ஆடினாள். இன்று எழுந்திருக்க முடியவில்லை.

தியானோடு உன் நாய் வருகிறது. ஈற்றிலேயே பெரிய ஆண்குட்டி, வரிப்புலி நிறம். பிரிய மனமில்லாமல்தான் கொடுக்கிறேன். முதல் நாள் களியை உன் கையால் ஊட்டு. அடிக்காதே. பிடித்த ஆளைக் கண்டால் முனகிக்கொண்டே காலில் வந்து சாய்வான், அது இவன் தாயின் குணம்.

உன் பொட்டலத்தில் ஒரு குறை இருந்தது. அதை நானே நிரப்பிவிட்டேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன், கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது சொன்னால்தான் ருசி. அண்ணி, "அவ கேக்காதத எதுக்குச் செய்றீங்க? வேணாம்னு எழுதியிருக்கால்ல?" என்று ஒரு பாட்டம் கத்தினாள். கேட்டால்தான் செய்ய வேண்டும் என்றால் நான் என்ன அண்ணன்?

அனீசியோ


பிராப்போரா,
10 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ஆசி. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும். என் உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் கன்னம்கூட வைத்திருக்கிறது.

குட்டிக்கு செரேனோ என்று லெனிரா பெயர் வைத்தாள். அவன் தின்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வந்த புதிதில் மடியில் தூங்கியவன் இப்போது படுத்தால் சமையலறையில் நடக்க வழியில்லை. லெனிரா அவன் வயிற்றில் தலை வைத்துப் பாடம் படிக்கிறாள். தபால்காரர் தெரு முனையிலிருந்தே கூப்பிட்டுக் கடிதத்தைச் சுவர் மேல் வைத்துவிட்டு ஓடுகிறார். வீட்டை மந்திரிக்க வந்த பாதிரியாரும் தெருவில் நின்றே தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

போன வாரம் வால்டோமிரோவின் தம்பி வந்தான். வழக்கமாகக் கேட்காமல் உள்ளே வந்து, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று துப்புப் பார்க்கிறவன். செரேனோ குரைக்கவில்லை. அவனுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்று உறுமினான், அவ்வளவுதான். "அண்ணி, நாயைக் கட்டுங்க, நான் யாருன்னு தெரியலையா அதுக்கு?" என்று நிறம் மாறி நின்றான். "தெரியாதுப்பா, அதுக்கு வீட்டாளத்தான் தெரியும்" என்றேன். எனக்குள் என்ன மகிழ்ச்சி என்று எழுதத் தெரியவில்லை.

அண்ணா, நான் தூங்குகிறேன். இது உனக்குச் சின்ன விஷயமாகப் படும். நான் தூங்குகிறேன்.

உன் தங்கை,
சூல்மிரா


பெத்ரா ப்ரான்கா,
2 அக்டோபர் 1986

தங்கைக்கு,

கடவுள் கருணை உன்மேல் இருக்கட்டும். தம்பிக்காரனை மறித்த கதையை நான் சந்தையில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. நாயைப் பார்த்துக் கொடுத்தவன் யார்? எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றுகிறது.

இன்னொரு நல்ல செய்தி. மாப்பிள்ளை எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். தங்கப்பல் கட்டியிருக்கிறாராம், மழை பிடித்ததும் கிளம்புகிறாராம். உன்னை விசாரித்திருக்கிறார். உன் வீட்டுக்கு ஆள் யாராவது வந்து போகிறார்களா என்று என்னிடம் கேட்கிறார், குறும்பு போகவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் இங்கே வந்துவிடுங்கள். பன்றி ஒன்று கொழுக்கிறது.

அண்ணன்,
அனீசியோ


பிராப்போரா,
9 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆசி. உனக்கும் அண்ணிக்கும் உடல்நலம் வேண்டுகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் போட்டுவிட வேண்டும் என்று லெனிராவை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்.

என் விரல் கதவிடுக்கில் மாட்டவில்லை. வால்டோமிரோ மடக்கி ஒடித்தார். அதற்கு முந்தைய வருஷம் கிணற்றடியில் விழுந்தேன் என்று எழுதினேன், அதுவும் விழவில்லை. வடக்கே கிளம்பிய அன்று என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து, "திரும்பி வர்றப்ப உன்னை முடிச்சிடுறேன், அதுவரைக்கும் நாளெண்ணிக்கிட்டு இரு" என்றார். குடித்திருக்கவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். லெனிரா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை உன் வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? நீ கரண்டிக் கதையைச் சொல்லி, மூட்டை முடிச்சோடு மறு பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டாய். அண்ணி பஸ் பின்னாலேயே ஓடி வந்தாள். அதற்குப் பிறகு நான் எந்த வாயோடு கேட்பேன்? அதனால்தான் நாயைக் கேட்டேன். அவர் இல்லாத காலத்தில் பிறந்து, எங்களை மட்டும் தெரிந்து வளர்கிற நாய். செரேனோவுக்கு அவர் அந்நியர். அவர் வாசலில் நிற்கட்டும், கத்தட்டும். உள்ளே வர முடியாது. நான் இனி ஓட மாட்டேன், அண்ணா. இது என் வீடு.

நீ எனக்குச் செய்த உதவியிலேயே பெரியது இந்த நாய்தான். உன்மேல் இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

சூல்மிரா


பெத்ரா ப்ரான்கா,
4 டிசம்பர் 1986

சூல்மிரா,

உடனே கிளம்பு. லெனிராவைக் கூட்டிக்கொண்டு, இதை வாசித்த கையோடு கிளம்பு. நாயை நம்பாதே.

மழையில் பாலம் போய்விட்டது. உன் கடிதம் குர்வேலோ தபால் நிலையத்திலேயே கிடந்து இன்றுதான் என் கைக்கு வந்தது. நான் நிரப்பினேன் என்று எழுதிய குறை அவன் சட்டைதான். ஆணியில் தொங்கிய அந்தக் கட்டம்போட்ட சட்டை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். வந்தவனை நாய் மறித்தால் உங்கள் குடும்பத்துக்குள் சங்கடம் வருமே என்று நினைத்தேன். உன் ரவிக்கைக்கும் குழந்தை சட்டைக்கும் நடுவில் விரித்தேன். குட்டி தேடிப் போய் அதன்மேல்தான் படுத்தது. அவனை அது தடுக்காது.

தியான் கரையோடு சுற்றி லாரியைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்கிறான், அவனிடம் இதைக் கொடுக்கிறேன். லாரி சேற்றில் மாட்டினாலும் ஒருவராவது வந்து சேர வேண்டும் என்று நான் வேறு வழியில் குதிரையில் கிளம்புகிறேன். அண்ணி என்னோடு பேசவில்லை. உனக்குக் கட்டில் விரித்துக்கொண்டிருக்கிறாள்.

வந்துவிடம்மா. நான் திருப்பி அனுப்ப மாட்டேன். வந்துவிடு.

அனீசியோ


பிராப்போரா,
11 ஜனவரி 1987

அன்புள்ள மாமாவுக்கு,

ஆசி கேட்கிறேன். நீங்களும் அத்தையும் நலமா? நான் நலம். ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தின ஞானத்தாய் வீட்டில் இருக்கிறேன். இங்கே எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.

நீங்கள் வந்தபோது அம்மாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். நீங்கள் கல்லறைக்குப் போய்விட்டு, துப்பாக்கியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதாகத் தியான் மாமா சொன்னார். செரேனோ உங்களைப் பார்த்து வாலாட்டினதும் நீங்கள் தரையில் உட்கார்ந்து அழுதீர்களாம். என்னைப் பார்க்காமலே ஏன் போய்விட்டீர்கள்? நான் ஜன்னலில் காத்திருந்தேன்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா கேட்டைத் திறந்தார். முன்பெல்லாம் அப்பா குரல் கேட்டால் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பின்வேலி வழியாக ஓடுவாள். அன்று ஓடவில்லை. செரேனோவை அவிழ்த்துவிட்டாள். கையில் இருந்த காப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பயப்படாதடி, இப்பப் பாரு" என்றாள்.

செரேனோ உறுமிக்கொண்டு போனான். அப்பா நின்றுவிட்டார். அவன் அப்பாவின் கையை முகர்ந்தான், சட்டையை முகர்ந்தான். அப்புறம் முனகிக்கொண்டே அப்பா காலில் சாய்ந்துகொண்டான். அப்பா சிரித்தார். "பாத்தியா? எசமான் யாருன்னு நாய்க்குக்கூடத் தெரியுது" என்றார். அம்மா, "செரேனோ! செரேனோ!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டினான். நாங்கள் எல்லாரும் ஒன்றாக இருப்பதில் அவனுக்கு சந்தோஷம், மாமா. அம்மா என்னை மட்டும் ஓடச் சொன்னாள். அப்பாவை மறுநாள் படகுத்துறையில் பிடித்தார்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் அன்று சாயங்காலம்தான் வந்தது. அம்மாவை முன்னறையில் பெட்டியில் வைத்திருந்தார்கள். அம்மா பெயருக்கு வருகிற கடிதத்தை நான் பிரிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் பிரிக்காமல் அவள் கைக்குள் வைத்துவிட்டேன்.

செரேனோவை ஞானத்தாய் வீட்டில் சேர்க்க முடியவில்லை, இவர்களை அவன் கிட்டே விடுவதில்லை. காலியான வீட்டில்தான் இருக்கிறான். நான் தினமும் கேட் வழியாகக் களி கொடுக்கிறேன். அம்மா தைக்கிற இடத்தில் படுத்திருக்கிறான், பாதிதான் தின்கிறான். ஊரில் எல்லாரும் அவனைக் கொன்றுவிடச் சொல்கிறார்கள். நீங்கள் சுட்டுவிடாதீர்கள், மாமா. அவன் கெட்டவன் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அப்பா போன பிறகுதானே அவன் பிறந்தான்? அப்பாவை அவன் பார்த்ததே இல்லையே. அப்புறம் எப்படித் தெரிந்துகொண்டான்? உங்களுக்கு நாய்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அம்மா சொல்வாள். தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
லெனிரா